இரண்டாம் நாள் இரவு

மாதவிடாயின் இரண்டாம் நாள் இரவுக்கென்று சில வீடுகளில் தனி ஏற்பாடு உண்டு. மெத்தையை விட்டுவிட்டுப் பாயில் படுப்பார்கள். பாய்மேல் குழந்தைக்கு வாங்கிய பழைய ரப்பர் ஷீட், அதன்மேல் நாலாக மடித்த பருத்திச் சேலை. கறை தெரியாத மெரூனிலோ கருநீலத்திலோ ஒரு நைட்டி. ஒன்றுக்கு இரண்டு நாப்கின். செல்போனில் இரண்டு மணிக்கு ஓர் அலாரம், நாலரைக்கு இன்னொன்று. இத்தனைக்குப் பிறகும் விடியற்காலையில் எழுந்து நின்றதும் கால்வழியே இறங்கிவிடும். இதையே பல வருடங்களாகச் செய்துவரும் ஒருவரிடம் “உங்களுக்கு உதிரப்போக்கு அதிகமா?” என்று கேட்டுப் பாருங்கள். “அப்படியெல்லாம் இல்லை, எல்லாருக்கும் போறாப்பலதான்” என்பார். அவருடைய அம்மாவுக்கும் அப்படித்தான் போனது, அக்காவுக்கும் அப்படித்தான் போகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆள் கிடையாது.

நாப்கின் மாற்றுவதற்காக இரவில் எழ வேண்டியிருக்கிறது என்பதே ஒரு நோய்க்குறி. மகப்பேறு மருத்துவர்கள் அதிக உதிரப்போக்கைக் கண்டறியக் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று. ஆனால் மருத்துவர் கேட்டால்தான் உண்டு. பெண்கள் தாமாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அதை அவர்கள் நோயின் கணக்கில் வைக்கவில்லை, சாமர்த்தியத்தின் கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த விடியற்காலை விஷயம். நிற்கும்போது பெண்ணுறுப்புப் பாதையின் வாய் கீழே இருக்கிறது, கர்ப்பப்பையின் வாய் மேலே. மல்லாந்து படுத்தால் நிலைமை மாறிவிடும். அந்தப் பாதை உள்நோக்கி, முதுகுப்பக்கமாகச் சரிகிறது. அதன் ஆழமான மூலைதான் அப்போது பள்ளம். கர்ப்பப்பையிலிருந்து வடியும் ரத்தத்தில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்திலேயே தேங்கி, சிலருக்கு அங்கேயே உறைந்தும் போகும். எழுந்து நின்றதும் பள்ளம் மேடாகிவிட, தேங்கியது முழுக்க ஒரே வீச்சில் இறங்கும். கூடவே கட்டிகளும் வரும். ரத்தப்போக்கு அந்த நொடியில் திடீரென்று கூடிவிடவில்லை. மூன்று நான்கு மணி நேரத்துப் பாக்கி மொத்தமாகக் கையில் வந்திருக்கிறது, அவ்வளவே.

தேங்காத ரத்தம் புவியீர்ப்பு போகச் சொன்ன பக்கம் போகும். மல்லாந்து படுத்தவருக்குப் பின்பக்கம், ஒருக்களித்தவருக்குப் பக்கவாட்டு விளிம்பு. பகலுக்கென்று செய்த நாப்கின் நடுவில்தான் கனமாக இருக்கும். நடுப்பகுதி காய்ந்தே கிடக்க, பாவாடையின் பின்புறம் மட்டும் நனைந்திருப்பதன் மர்மம் இதுதான். பின்பக்கம் அகன்று நீண்ட இரவு நாப்கின்கள் இதற்காகவே வந்தவை.

நாப்கினுக்குள் இருக்கும் உறிஞ்சுபொருள் பெரும்பாலும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பாலிமர். குழந்தைகளின் டயப்பரிலும் இதே பொருள்தான். நீரைத் தன் எடையைப் போலப் பல மடங்கு குடித்து ஜெல்லாகிவிடும். ஆனால் ரத்தம் நீரல்ல. சிவப்பணுக்களும் புரதங்களும் உள்ள பிசுபிசுப்பான திரவம் அது. கட்டியாக உறைந்தது உள்ளே போகவே போகாது, மேற்பரப்பிலேயே உட்கார்ந்து வழியை மறிக்கும். இந்தத் துறை நெடுங்காலம் தன் பொருட்களை உப்புநீரை ஊற்றியே சோதித்துவந்தது. கடைகளில் விற்கும் பலவகை மாதவிடாய்ப் பொருட்கள் ஒவ்வொன்றும் உண்மையான மனித ரத்தத்தை எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட்ட ஆய்வு 2023-இல்தான் வெளிவந்தது. அமெரிக்காவின் ஓரிகன் ஹெல்த் அண்ட் சயின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள், காலாவதியான ரத்தவங்கிச் சிவப்பணுக்களை வைத்து அதைச் செய்தார்கள். நாப்கின், டேம்பான், கப் ஆகியவை ஏறத்தாழ 20 முதல் 50 மில்லிலிட்டர் வரை தாங்கின. கர்ப்பப்பை வாய்க்குக் கீழே பொருத்தும் வட்டமான டிஸ்க் சராசரியாக 61 தாங்கியது. ‘பீரியட் பேன்ட்டி’ என்று இப்போது விளம்பரமாகும் உள்ளாடை தாங்கியது சராசரியாக 2 மில்லிலிட்டர். நாப்கினுக்குத் துணையாக அணிந்துகொள்ளலாம், அதை மட்டும் நம்பிப் படுக்க முடியாது. கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு நாப்கின் செய்யப் புறப்பட்ட காலத்தில், கால்பந்தின் பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்ததை நினைத்துப் பார்க்கிறேன். ஊர் சிரித்தது. சோதனை முறை என்ற அளவில் அவர் உப்புநீர்க்காரர்களைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார்.

சரி, எவ்வளவு போனால் அதிகம்? சுவீடனின் கோதன்பர்க் நகரில் லெய்ஃப் ஹால்பர்க் என்பவரின் குழு 1960-களில் இதை அளந்தது. பெண்கள் பயன்படுத்திய நாப்கின்களையெல்லாம் வாங்கி, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, வெளியேறிய நிறத்தின் அடர்த்தியிலிருந்து ரத்தத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். 1966-இல் வெளியான முடிவின்படி, ஒரு மாதவிடாய்க்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் இழப்பவர்களிடம் ரத்தசோகை கூடுதலாக இருந்தது. அந்த 80 பாடநூல்களில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. 80-ஐத் தாண்டியவர்களில் பத்துக்கு நான்கு பேர் தங்களுக்கு மிதமாகத்தான், அல்லது குறைவாகத்தான் போகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் யாரும் நாப்கினை ரசாயனத்தில் ஊறவைக்கப் போவதில்லை. அதனால் 1990-இல் லண்டனில் ஒரு படக்கணக்கு உருவாக்கினார்கள். லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1 மதிப்பெண், பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சிறிய நாணயம் அளவுக் கட்டிக்கு 1, பெரிய நாணயம் அளவுக்கு 5. மொத்தம் 100-ஐத் தாண்டினால் அதிகம். ஒரு மாதம் நாள்காட்டியின் ஓரத்தில் குறித்துவந்தாலே போதும், மருத்துவரிடம் பேசுவது சுலபமாகும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2007-இல் மில்லிலிட்டரையே ஓரம்கட்டிவிட்டது. ஒரு பெண்ணின் உடல்நலத்தையும் மனநிலையையும் அன்றாட வாழ்வையும் பாதிக்கும் அளவுக்குப் போனால், அது அதிகம்தான் என்று வரையறுத்தது. அந்த வரையறையின்படி, இரண்டு மணி அலாரம் ஒன்றே சாட்சி.

இந்த ரத்தம் எப்படி வருகிறது என்பதை முதன்முதலில் தொடர்ந்து கண்ணால் பார்த்தவர் ஜோசப் மார்க்கி என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். பார்த்த இடம் விசித்திரமானது, குரங்கின் கண். கர்ப்பப்பையின் உட்சவ்வில் துளியளவு எடுத்து ரீசஸ் குரங்குகளின் கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால் உள்ள அறையில் பதியம் வைத்தார். கருவிழி கண்ணாடி போலத் தெளிவானது என்பதால் சவ்வு வளர்வதும் சிதைவதும் வெளியிலிருந்தே தெரிந்தது. 1940-இல் அவர் எழுதியதன் சாரம் இது. சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டி நாளங்கள் சுருள்சுருளாக இருக்கின்றன. ஹார்மோன் இறங்கியதும் சவ்வு மெலிகிறது, சுருள்கள் நெருங்குகின்றன, ரத்தம் கசிவதற்குப் பல மணி நேரம் முன்பே அந்த நாளங்கள் இறுகிச் சுருங்கிவிடுகின்றன. ரத்தம் கிடைக்காத மேல்சவ்வு மடிந்து உதிர்கிறது.

கர்ப்பப்பை முதலில் ரத்தக் குழாயை மூடிவிட்டுத்தான் சுவரை உடைக்கிறது என்று இதற்குப் பொருள். அதை மூடச் செய்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்கள். அவற்றில் ஒரு வகை நாளத்தை இறுக்கும், இன்னொரு வகை தளர்த்தும். அதிகம் போகும் பெண்கள் பலரிடம் தராசு தளர்த்தும் பக்கம் சாய்ந்திருக்கிறது. மெஃபெனமிக் ஆசிட் போன்ற வயிற்றுவலி மாத்திரை வலியோடு போக்கையும் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைப்பது, புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே அது மட்டுப்படுத்துவதால்தான். ஆஸ்பிரின் இதற்கு உதவாது, அது ரத்தம் உறைவதைக் கெடுக்கும். நாளம் இறுகுவதால் ஏற்படும் பிராணவாயுப் பற்றாக்குறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. புண்ணை ஆற்றும் மரபணுக்களைத் தட்டி எழுப்புவதே அதுதான் என்று எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் 2018-இல் காட்டினார்கள். அதிகம் போகும் பெண்களிடம் அந்தச் சமிக்ஞை பலவீனமாக இருந்தது.

கட்டிகளைப் பற்றிப் பயப்படாத பெண் இல்லை. “கட்டி கட்டியா போகுது டாக்டர்” என்பதுதான் பலரும் வாய்விட்டுச் சொல்லும் முதல் புகார். மாதவிடாய் ரத்தம் இயல்பில் உறைவதில்லை. கர்ப்பப்பைக்குள் உறையத் தொடங்கும் ரத்தத்தை பிளாஸ்மின் என்ற நொதி அங்கேயே கரைத்து, வழிந்தோட விடுகிறது. வரத்து கரைக்கும் வேகத்தை மிஞ்சும்போதுதான் கட்டி விழுகிறது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டிகள் அடிக்கடி விழுந்தால் அது கணிசமான இழப்பின் அடையாளம். சிலருக்குத் தொல்லை எதிர்ப்பக்கம். கரைக்கும் நொதி அளவுக்கு மீறி வேலை செய்து, நாள வாயை அடைக்க வேண்டிய உறைவையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது.

இந்த நொதிக்குக் கடிவாளம் போட்டவர் உடாகோ ஒகமோட்டோ. 1918-இல் ஜப்பானில் பிறந்தவர். போருக்குப் பிந்தைய டோக்கியோவில், கணவர் ஷோசுகேயுடன் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. பணமில்லை, கருவியில்லை. ரத்தத்தை ஆராயலாம் என்று முடிவெடுத்தார்கள். பற்றாக்குறை வந்தால் சொந்தக் கையில் ஊசி போட்டு எடுத்துக்கொள்ளலாமே! பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் நின்றார் உடாகோ. பிளாஸ்மின் தன் இரையைப் பிடிக்க லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தேடுகிறது. லைசினைப் போன்ற ஒரு போலியைக் கொடுத்தால், நொதியின் பிடிமானம் போலியிலேயே சிக்கிக்கொள்ளும். 1962-இல் அவர்கள் வெளியிட்ட ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்து, அதற்கு முன் அவர்களே கண்டிருந்த மருந்தைவிட 27 மடங்கு வீரியமானது. பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் தாய்மார்களுக்கே உடாகோ இதைக் கொடுக்க விரும்பினார். உள்ளூர் மகப்பேறு மருத்துவர்கள் செவிசாய்க்கவில்லை. 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் நடந்த பரிசோதனை அவர் சொன்னதை உறுதிசெய்து 2017-இல் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு அவர் காலமாகியிருந்தார்.

இன்று நம் ஊர் மருந்துக்கடைகளிலும் இருக்கும் இந்த மாத்திரை, மாதவிடாய் இழப்பைப் பாதியளவுக்குக் குறைக்கக்கூடியது. ஹார்மோன் இல்லை, கருத்தடை விளைவும் இல்லை. நான் அடிக்கடி கேள்விப்படும் தவறு, “ராத்திரிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கறேன்” என்பது. இதன் தாக்கம் சில மணி நேரந்தான். போக்கு அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், வேளை தவறாமல் எடுத்தால்தான் பலன். கால் நாளத்திலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மாற்ற வேண்டும். தோழியின் சீட்டைக் காட்டி வாங்கக் கூடாத மருந்து இது.

அடிப்படைக் காரணம் என்ன என்பதைப் பொறுத்தே மற்ற சிகிச்சை. நாற்பதைத் தாண்டியவரென்றால் கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்தும் ஃபைப்ராய்டு, சவ்வு தசைக்குள் புதைந்து வளரும் அடினோமயோசிஸ், பாலிப் ஆகியவற்றை ஸ்கேன் காட்டும். கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜெனால் மட்டும் வளர்ந்த சவ்வு தடித்து, ஒழுங்கில்லாமல் உதிரும். வயதுக்கு வந்த புதிதிலும் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்திலும் இது சகஜம். காப்பர்-டி, தைராய்டு குறைவு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆகியவையும் பட்டியலில் உண்டு. 45-க்கு மேல் புதிதாகக் கூடினால் சவ்வில் மாதிரி எடுத்துப் புற்றுநோய் இல்லையென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெரிதும் தவறவிடப்படுவது ரத்தம் உறைவதில் உள்ள பிறவிக் குறை. பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளிலிருந்து 1924-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை ஹெல்சின்கியில் எரிக் ஃபோன் வில்லிபிராண்ட் என்ற மருத்துவரிடம் கொண்டுவந்தார்கள். மூக்கிலிருந்தும் உதட்டிலிருந்தும் நிற்காத ரத்தம். அவளுடைய சகோதரிகளில் சிலர் ரத்தம் போயே இறந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து அவர் 1926-இல் எழுதிய நோய்தான் இன்று அவர் பெயரில் இருக்கிறது. சிறுமி பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயில் இறந்துபோனாள். இன்றும் அதிக உதிரப்போக்குள்ள பெண்களை முறையாகச் சோதித்தால் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் இந்த நோய் தென்படுகிறது. பெரும்பாலோருக்கு லேசான வடிவம். முதல் மாதவிடாயிலிருந்தே அதிகம், பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லை, அடிக்கடி மூக்கில் ரத்தம், இடிக்காமலே கன்றிப்போன தோல் என்ற வரலாறு இருந்தால் இதற்கென்றுள்ள பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது சிக்காமல் போகலாம். “வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான் இருக்கும், சரியாயிடும்” என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் சரி. நாப்கின் நனைந்து பள்ளியிலிருந்து மாதாமாதம் திரும்பிவரும் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் பாட்டியை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இதெல்லாம் நாளைக்கு. இன்றிரவுக்கு என்ன செய்வது? படுக்கப்போகும் முன் கடைசி வேலையாக நாப்கின் மாற்றுங்கள். இரண்டு வைப்பதானால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில் பயனில்லை, மேல் நாப்கினின் பிளாஸ்டிக் அடியைத் தாண்டி எதுவும் கீழே இறங்காது. ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே தள்ளி, இடுப்புவரை நீளும்படி வையுங்கள். மிக அதிகமாகப் போகிறவர்களுக்கு டயப்பர் போல அணிந்து எறியும் பேன்ட் வகை நாப்கினே நல்லது. அது கூச்சப்பட வேண்டிய பொருளல்ல. கப் பழகியவர்கள் காலி செய்துவிட்டுப் போட்டு, கூடவே ஒரு நாப்கினும் வைத்துக்கொள்ளலாம். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் தொடைகள் நாப்கினை உடலோடு சேர்த்துப் பிடிக்கும். எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். ரத்தம் குறைந்த உடலில், படுத்தவாக்கில் இருந்து சட்டென்று நிற்கும்போதுதான் கண் இருட்டும். குளியலறைத் தரையில் விழுந்து மண்டையில் அடிபடுவதும் அப்போதுதான். கறைபட்ட துணியைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் ரத்தத்தின் புரதத்தை நூலோடு வேகவைத்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அதே வேகம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் விடியும்வரை பார்க்க வேண்டாம். மயக்கம், படபடப்பு, மூச்சுவாங்கல் வந்தாலும், கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டு என்றாலும் அப்படியே. எல்லாரும் தூங்குகிறார்களே என்று யோசிக்காமல் ஆளை எழுப்பி, 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பகலில் தெரியும் சேதம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் 13 உள்ள ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அரை மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான இரும்பு இருக்கிறது. 80 மில்லிலிட்டர் போனால் சுமார் 35 மில்லிகிராம். நம் குடல் ஒரு நாள் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது ஒன்று அல்லது ஒன்றரை மில்லிகிராம், அதில் பெரும்பகுதி தோலும் குடலும் அன்றாடம் இழப்பதை ஈடுகட்டவே சரியாகிவிடும். மாதம் 150 போகும் பெண்ணுக்குக் கீரையும் பேரீச்சம்பழமும் கொண்டு இந்தக் கணக்கை நேர்செய்ய முடியாது, எவ்வளவு சாப்பிட்டாலும் உதைக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். இவர்களில் எத்தனை பேரிடம் “ராத்திரியில் மாற்ற எழுவீர்களா?” என்று யாராவது கேட்டிருப்பார்கள்? இரும்புக் குறைவு தூக்கத்தையும் விடுவதில்லை. படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும் தவிப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம். சிலர் பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார்கள், சிலருக்கு ஐஸ் கட்டி. வீட்டில் கேலி செய்வதற்குப் பதிலாக இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டோடும் டீயோடும் எடுத்து வீணாக்காமல், எலுமிச்சைச் சாற்றோடு எடுப்பது நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலாக இரும்பு சேர்வதை ஜூரிக் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டியிருக்கிறார்கள். வயிற்றுப் புண்ணாகிறது என்று மாத்திரையையே விட்டவர்களுக்கு இது தோதான வழி.

கடைசியாக ஒரு விஷயம், எனக்குக் கோபம் வரும் விஷயம். இரண்டு பிள்ளை பெற்று, முப்பத்தைந்தைத் தொட்ட பெண் அதிகம் போகிறது என்று போனால், “கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா, இனிமே அது எதுக்கு?” என்ற பதில் சில இடங்களில் வெகு சுலபமாகக் கிடைக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்குக் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது 2019-இல் வெளிவந்தது. விடுப்பெடுத்தால் கூலி போய்விடும் என்பது அவர்களில் பலரின் நிலை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட வேண்டிவந்தது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே நாளில் மாதவிடாய் நிறுத்தம் வந்து, எலும்பு தேயத் தொடங்கும்.

இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. புரோஜெஸ்டின் மாத்திரைகள் உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கருத்தடைக்கெனக் கண்டுபிடித்து, நம் மருத்துவர்கள் உதிரப்போக்குக்கும் கொடுக்கும் ஆர்மெலாக்ஸிஃபீன் உண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள்ளேயே சிறிதுசிறிதாகக் கசியவிடும் சாதனம் பின்லாந்தில் உருவாகி 1990-இல் சந்தைக்கு வந்தது. பார்க்கக் காப்பர்-டி மாதிரி இருந்தாலும் வேலை நேரெதிர், போக்கை 90 சதவீதம் வரை குறைக்கும். முதல் சில மாதங்கள் சொட்டுச்சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாததால், பலர் பொறுமையிழந்து எடுத்துவிடுகிறார்கள். ஃபைப்ராய்டை மட்டும் அகற்றுவது, பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்குச் சவ்வை மட்டும் சுட்டு நீக்குவது என்று மேலும் வழிகள் உண்டு. இவை எதுவும் பலிக்காமல், கர்ப்பப்பையை எடுத்தபின் பத்தாண்டுகளில் முதன்முறையாக முழு இரவு தூங்கினேன் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் முடிவு சரியான முடிவே.

ஸ்கேனில் என்ன தெரிந்தது, சவ்வு மாதிரியின் முடிவு என்ன, ஹார்மோன் சாதனம் எனக்கு ஏன் பொருந்தாது என்ற மூன்றையும் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்டுவிடுங்கள். புற்றுநோய்ச் சந்தேகமோ அடங்காத ரத்தப்போக்கோ இல்லாதவரை, பதிலுக்காகவோ இன்னொரு மருத்துவரின் கருத்துக்காகவோ ஒரு மாதம் பொறுப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை. அந்த ஒரு மாதத்தில் இரும்புச்சத்தை ஏற்றிக்கொண்டால், கடைசியில் அறுவை சிகிச்சைதான் என்றாகும்போதும் மேசையில் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறையும்.